குளிர்காலத்தில் மட்டும் ஓடியவர்

அக்காவோடு ஓடப் போவதென்றால் கையில் ஒரு கடைப் பை இருக்க வேண்டும். சப்பாத்து, கையுறை, தொப்பி எல்லாம் அதற்குப் பிறகுதான். பை வெறுமையாக இருக்கவும் கூடாது. அக்காவின் பையிலிருந்து ஒரு லீக்ஸ் தண்டு எப்போதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே லீக்ஸ் ஒரு கிழமை முழுக்க எங்களோடு ஓடும். அது வாடித் தொங்கத் தொடங்கியதும் கறிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வார்.

பை எதற்கென்று முதல் நாளே கேட்டேன்.

“ஆரும் கண்டால் கடைக்குப் போறம் எண்டு நினைப்பினம்.”

“அக்கா, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடையெல்லாம் பூட்டு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “என்னத்தையும் நினைக்கட்டும். ஓடினவ எண்டு நினையாமல் விட்டால் காணும்.”

அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. சுவிஸில் வில் என்ற நகரத்துக்கு வெளியே ஒரு பாண் தொழிற்சாலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். ஓடும் பட்டியில் வருகிற பாண்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. நான் பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே படித்தவள். முப்பத்தைந்தை எட்டுவதற்குள் எனக்குச் சீனி வருத்தம் வரப்போகிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடக்கச் சொன்னார். உடை மாற்றும் அறையில் இதைச் சொல்லி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு காதருகே வந்தார்.

“நடந்து காணாது. ஓட வேணும். நான் ஓடுறனான். ஆருக்கும் சொல்லிப்போடாத.”

கள்ளச் சாமான் விற்கிறவர்கள்கூட இவ்வளவு பயந்து பேசமாட்டார்கள்.

நாங்கள் ஓடிய பாதை ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், பண்ணை வீடுகளுக்கும் காட்டோரத்துக்கும் நடுவே போகிறது. கார்கள் குறைவு. ஆனாலும் வரும். எங்கள் ஆட்களின் கார்களை அக்கா தூரத்திலேயே அறிந்துவிடுவார். கண்ணாடியில் தொங்குகிற பிள்ளையாரைப் பார்த்தா, மாதாவைப் பார்த்தா, பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு தெரிகிற தலைகளைப் பார்த்தா, எனக்கு இன்றுவரை தெரியாது. “நட” என்பார். ஓடிக்கொண்டிருந்த நாங்கள் அந்த ஒரு சொல்லோடு நடக்கத் தொடங்குவோம். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டேயிருக்கும். அக்கா மூச்சையும் அடக்கிவிடுவார். உதட்டை மூடிக்கொண்டு, பையைக் கை மாற்றிக்கொண்டு, ஏதோ விலைவாசியைப் பற்றி யோசிக்கிறவர்போல் நடப்பார். கார் வளைவைத் தாண்டியதும் “ஓடு” என்பார்.

சில கார்கள் தாண்டிப் போகாது. நிற்கும்.

“என்னக்கா, பஸ்ஸை விட்டிட்டியளோ? குளிருக்குள்ள நடக்கிறியள். ஏறுங்கோ, ஏறுங்கோ.”

ஓடுகிறவரைக் கண்டால் சுவிஸ்காரர் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்களால் அது முடியாது. தெரிந்த மனிசர் குளிரில் கால்நடையாகப் போவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போனால் அவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அக்காவுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஏறிவிடுவார். நானும் ஏறவேண்டும். காருக்குள் சூடு உச்சத்தில் இருக்கும். மடியில் லீக்ஸ், முதுகில் வழிகிற வியர்வை, முன்சீட்டிலிருந்து யாரோ ஒருவருடைய மகளின் சாமத்திய வீட்டுக் கதை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நாங்கள் உள்ளே போகும்வரை காரை எடுக்கவும் மாட்டார்கள். நாங்கள் மாடிப்படியில் ஒளித்து நின்று, கார் போன சத்தம் கேட்டபிறகு, திரும்பவும் முதலிலிருந்து ஓடப் போவோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு தரம் வீட்டுக்குக் கொண்டுவந்து விடப்பட்டதும் உண்டு.

அக்கா பஸ்ஸுக்கு ஓடி யாரும் கண்டதில்லை. வேலை முடிந்து வரும்போது பஸ் தரிப்பில் பஸ் நிற்கும், சாரதி எங்களைக் கண்ணாடியில் பார்த்தபடி கதவைத் திறந்து வைத்திருப்பார், அக்கா கோயில் வீதி சுற்றுகிற மாதிரி வருவார். கதவு மூடும். பனிக்குள் அரை மணித்தியாலம் நிற்போம். கடுப்பு வந்தாலும் அவரிடம் கோபிக்க முடியாது, ஏனென்றால் அவரே முகம் வாடி நிற்பார். தொழிற்சாலையில் ஒருமுறை தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டோம். அக்கா கடைசியாக, கதவுகளைச் சாத்திக்கொண்டு, நடந்து வந்தார். பயிற்சி நடத்திய அதிகாரி எங்கள் எல்லோருக்கும் ஏச்சுக் கொடுத்துவிட்டு, ஆபத்தில் நிதானமாக நடந்துகொண்ட ஒரே தொழிலாளி என்று அக்காவின் கையைக் குலுக்கினார். அந்த மனிதருக்கு என்ன தெரியும், அதற்கு முந்தின நாள்தான் அக்கா என்னை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் ஓடித் திரும்பியிருந்தார்.

ஏன் இப்படி என்று ஒரே ஒருதரம் கேட்டேன். காட்டோரத்தில் தண்ணீர் குடிக்க நின்றிருந்தோம்.

“உனக்கு விளங்காது. நாங்கள் ஓடினதெல்லாம் ஷெல்லுக்கும் பொம்பருக்கும். ஒரு பொம்பிளை ரோட்டால ஓடி வந்தால், என்னவோ நடந்திட்டுது எண்டு முழுச் சனமும் வெளியால வரும். சும்மா ஓடுறா எண்டு ஆருக்குச் சொல்லுறது?”

போத்தலை மூடினார். மூடியையே திருகிக்கொண்டு நின்றார்.

“எனக்குச் சும்மா ஓட விருப்பமாக் கிடக்கு. அதுதான் வெக்கம்.”

போத்தலைப் பைக்குள் லீக்ஸுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு “ஓடு” என்றார்.

அக்காவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிறு, தொழிற்சாலையில் எங்கள் பகுதி மேற்பார்வையாளர், நெட்டையான சுவிஸ் பெண், எதிரே ஓடி வந்தார். உடம்போடு ஒட்டிய அழகான உடுப்பு. எங்கள் பைகளைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் இடைவேளையில், எல்லோர் முன்னாலும், அந்தப் பையில் என்ன என்று கேட்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. எங்கள் நாட்டில் பாரம் சுமந்துகொண்டு ஓடித்தான் பயிற்சி எடுப்பார்கள் என்று சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அக்காவுக்கு அவ்வளவு வேகமான டொச் மொழி பிடிபடாது.

“என்னவாம்?” என்று என் முழங்கையை இடித்தார்.

“பெட்டி காணுமோ எண்டு கேக்கிறா.”

அக்காவுக்குத் தமிழரைக் கண்டால் வெட்கம், எனக்கு வெள்ளைக்காரரைக் கண்டால் வெட்கம். இரண்டு பேரும் சேர்ந்து ஓடினால் நிம்மதியாக ஓட அந்த ஊரில் ஒரு முழ ரோட்டும் கிடையாது.

அதனால்தான் அக்கா குளிர்காலத்தில் மட்டும் ஓடினார். கோடையில் எங்கள் சனம் வெளியேதான் இருக்கும். ஏரிக்கரை, ஆற்றங்கரை, விளையாட்டுத் திடல், எங்கே போனாலும் யாராவது இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள். மார்கழி பிறந்தால் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். வெளியே வருகிற ஒரு சிலரும் கண் மட்டும் தெரிய மூடிக்கட்டிக்கொண்டு வருவதால் யாரை யார் என்று அறிய முடியாது. மற்றவர்கள் பனியைத் திட்டும்போது அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார். முகத்தில் மெல்லிய சிரிப்பு இருக்கும்.

மாசி மாதத்தில், வேறொரு கன்டோனில், அதாவது மாகாணத்தில், உறைந்த வயல்களைச் சுற்றி ஒரு மரதன் ஓட்டம் நடக்கும். ஒரே பாதையை நாலு தரம் சுற்ற வேண்டும். ஐந்து மணித்தியாலத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். மணிக்கூட்டை நிற்பாட்டி, முடிவுக் கோட்டில் நேரம் பதிய விரித்த பாயைச் சுருட்டி, பாதையைத் திறந்துவிடுவார்கள். பிந்துகிறவர்களை ஏற்றிக்கொண்டு வர ஒரு வாகனம் பின்னால் ஊர்ந்து வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் தும்புத்தடி வண்டி. கூட்டி அள்ளுகிற வண்டி.

நான் சேருவதற்கு முந்தின மாசியில் அக்கா தனியாகப் போய் அந்த வண்டியில் ஏறியிருக்கிறார். வீட்டில் பேர்ண் நகரத்துக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். திரும்பிப் போகும்போது கொடுப்பதற்கென்று யாரிடமோ முன்கூட்டியே வாங்கிய விபூதிப் பொட்டலம் ஒன்று உடுப்புப் பைக்குள் இருந்ததாம். வண்டிக்குள் போர்வையால் சுற்றி இருத்தியிருக்கிறார்கள். வெளியே நின்ற சனம் கைதட்டியிருக்கிறது.

“நல்ல எண்ணத்திலதான் தட்டினவை,” என்றார் அக்கா. “ஆனா எனக்கு, சந்தையில மூட்டையை ஏத்தி இறக்கின மாதிரி இருந்தது. சீட்டுக்குக் கீழ சறுக்கி இருந்திட்டன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, சொந்தக் காலில அந்தப் பாய்க்கு மேலால போயிட வேணும். ஐஞ்சு மணித்தியாலத்துக்குள்ள. பேந்து விட்டிடுவன்.”

விடத்தான் வேண்டியிருந்தது. அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இளவேனிலில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், இந்த ஓட்டம் கூடாது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே இருந்தது அந்த ஒரு மாசிதான்.

இரண்டு பேருக்கும் பெயர் பதிவதற்கு இடைவேளையில் என் போனை எடுத்தேன். நெஞ்சில் குத்துகிற இலக்கத் துணியில் பெயரையும் அச்சடிப்பார்கள். பார்க்க நிற்கிறவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்த வேண்டும் என்பதற்காக. அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

“என்ர பேரைப் போடாத.”

“ஏதாவது ஒண்டு போடத்தான் வேணும் அக்கா. விருப்பமான பேரைப் போடலாம்.”

“மரியா எண்டு போடு.”

“நீங்கள் பிள்ளையார் கோயில் ஆள்.”

“அதுதான் மரியா. ஆரும் தேடமாட்டினம்.”

போட்டியன்று பனிமூட்டம் வயல்களின் மேல் படுத்திருந்தது. காற்று முகத்தை வெட்டியது. மூச்சுப்பட்டுக் கண்மடல் மயிரில்கூட உறைபனி. எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்க அக்கா மாத்திரம் மூக்குவரை கழுத்துத்துணியை இழுத்துவிட்டு, தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டு, திருப்தியாக நின்றார். கையில் பை இல்லை. வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் கொஞ்சத் தூரம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே ஓடினார்.

பிறகு அந்தச் சனம் கூப்பிடத் தொடங்கியது. பண்ணை வீட்டு வாசல்களில், தேத்தண்ணி மேசைகளில், மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டு, “ஹொப் மரியா! ஹொப், ஹொப்!” என்றார்கள். அக்கா முதலில் திரும்பிப் பார்த்தார், யாரோ மரியா பின்னால் வருகிறாளாக்கும் என்று. தன்னைத்தான் என்று விளங்கியதும் முதுகு நிமிர்ந்தது. இரண்டாம் சுற்றில் கை இரண்டும் தனித்தனியாக வீசத் தொடங்கின. மூன்றாம் சுற்றில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கிழவர் “மரியா!” என்று கத்தினபோது அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். பஸ்ஸுக்கு ஓடாத மனுசி! நான் இரண்டடி பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அது களைப்பினால் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சுற்றிலும் எங்களுக்கு நேரம் மிச்சம் இருந்தது. அதிகம் இல்லை, சில நிமிடங்கள்தான். ஆனால் போதும். தும்புத்தடி வண்டியின் விளக்கு எங்கோ தூரத்தில், எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போல் மினுங்கிக்கொண்டிருந்தது.

“பிடிச்சிட்டம் அக்கா.”

“கதையாத. ஓடு.”

ஒரு பெரிய களஞ்சியம் இருக்கிறது, அதற்கு முன்னால் நேரான ரோட்டு. களஞ்சியத்தைச் சுற்றித் திரும்பினால் முடிவுக் கோடு வரும். அந்த நேர் ரோட்டில் வந்தபோது பனிமூட்டத்துக்குள் மாட்டு மணி ஒன்று கேட்டது. வழக்கமான ஆட்டமில்லை, கோயில் மணி அடிக்கிற மாதிரி நின்று நிதானித்து அடித்தது. பிறகு குரல்கள்.

“அங்க! அந்தா வாறா! அக்கா! அக்கோய்!”

மூன்று கார்கள். இருபது பேர் இருப்பார்கள். வில் நகரத்திலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையிலிருந்து கம்பளிக்குள் சேலை கட்டின கிழவிகள்வரை, எல்லோரும் எங்கள் சனம். காரின் முன்மூடியில் சுடுதண்ணிப் போத்தலும் றோல்ஸ் பலகாரப் பெட்டியும். அவர்கள் தொடக்கத்துக்கே வருவதாகத்தான் புறப்பட்டார்களாம். எங்கள் சனம் எதற்கு நேரத்துக்குப் போயிருக்கிறது? கடைசிச் சுற்றுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில், கையில் மணியோடு, அக்காவின் கணவர்.

அவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. பேச்சுக் குறைவு. கோயில் அன்னதானத்தன்று மட்டும் குரல் வெளியே வரும். எங்கள் ஊர் ஆம்பிளைகள் பலரைப்போல அவரும் கலியாணம் கட்டின நாளிலிருந்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சேர்’ என்பார், அவ்வளவுதான். இந்த முறையும் அக்கா பேர்ண் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பதாகத்தான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

“இஞ்சேர்!” என்று கத்தினார் அவர். “ஓடும்! ஓடும்!”

அக்கா நடந்தார்.

யோசித்துச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. கார் கண்டால் நடந்த கால்கள், அதே மாதிரி நடந்தன. கழுத்துத்துணியைக் கீழே இழுத்தார், முகத்தை மூடிக்கொண்டு பெரியவர்களோடு கதைக்கக் கூடாதே. சட்டையின் நுனியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். மூச்சை அடக்கினார். அத்தனை மணித்தியாலம் ஓடி வந்த மூச்சு அடங்காமல் தோள் இரண்டும் துள்ளின, அதற்கும் மேலால் சிரித்தார்.

“எப்ப வந்தனீங்கள்? இந்தக் குளிருக்குள்ள ஏன் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு?”

“அக்கா, ஓடுங்கோ! நேரம் போகுது!”

“ஓம் ஓம், போறன். அம்மா எப்பிடிச் சுகம்?”

“ஓடுங்கோ எண்டால்!”

எல்லோரும் ஓடச் சொல்லிக் கத்துகிறார்கள். கத்தக் கத்த அக்கா இன்னும் அடக்கமாக நடக்கிறார். ஒரு கிழவி கையை நீட்டித் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, நின்று, குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டார், சபையில் அடம்பிடிக்கிற பிள்ளையின் கையை எடுத்துவிடுகிற மாதிரி. ரோட்டின் மறுபக்கத்தில் நின்ற சுவிஸ் மனுசி ஒருத்தி விஷயம் விளங்காமல் “ஹொப் மரியா!” என்று கூவினாள்.

“ஆர் மரியா?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அக்காவும் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். கையால் அந்தப் பெயரை மூடிக்கொண்டார்.

அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்து வந்த வெட்கம் இல்லை. அந்த மனிதர்கள் நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு, அக்காவுக்காகப் பனியில் வந்து நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. அந்த அன்புக்கு முன்னால்தான் அக்காவின் கால்கள் நின்றுபோயின. முன்பின் தெரியாத ஊர்ச் சனத்துக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டியவர், எங்கள் கண்ணுக்கு முன்னால் ஓட மாட்டாமல் போய்விட்டார். எங்கள் கண்களில் என்ன இருந்தது என்று நான் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதும் அந்தக் கண்கள்தானே.

களஞ்சியம் வரைக்கும் நடந்தார். இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டி, விடைபெற்றுக்கொண்டு நடந்தார். களஞ்சியத்தின் மூலை கூட்டத்தை மறைத்த கணத்தில் ஓடினார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதில்லை. முழங்கால் வலியில் முனகிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்செடுத்துக்கொண்டு, தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். என்னால் அவரோடு சேர்ந்து ஓட முடியவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணிக்கூடு இருண்டிருந்தது. இரண்டு இளைஞர்கள் பாயைப் பாதிவரை சுருட்டியிருந்தார்கள். அக்கா அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு நிமிடம்கூட இல்லை, அவ்வளவில்தான் தவறியது என்று ஒருவன் வருத்தத்தோடு சொன்னான். நல்ல பையன். பெட்டியிலிருந்து பதக்கம் ஒன்றை எடுத்து நீட்டினான். அக்கா டொச்சில் நன்றி சொன்னார், வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

கார்கள் வந்து சேர்ந்தன. எல்லோரும் கட்டிப்பிடித்துக் கைதட்டினார்கள்.

“வெண்டிட்டியளோ அக்கா?”

“கொஞ்சம் பிந்திப் போச்சு,” என்றார் அக்கா. “குளிர் கூட.”

“ஓமோம், சரியான குளிர்,” என்றார்கள். நானும் ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தேத்தண்ணி கொடுத்த கிழவியின் முகத்தை யார் பார்ப்பது?

அக்கா உடை மாற்றப் பெண்கள் கூடாரத்துக்குள் போனார். அவர் கணவர் கூட்டத்தைவிட்டு விலகி என்னிடம் வந்தார். அவருடைய இல்லத்தில் வேலை செய்கிற சுவிஸ்காரர் ஒருவரும் போன வருடம் அதே தும்புத்தடி வண்டியில் இருந்தாராம். உன் மனைவி பக்கத்துச் சீட்டில் ஒளித்துக்கொண்டு வந்தா என்று வந்து சொல்லியிருக்கிறார். ஒரு வருடமாக அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார் இவர். இந்த மாசியிலும் அக்கா பேர்ண் கோயில் என்றதும் எங்கே போகிறார் என்று விளங்கிவிட்டதாம்.

“எங்களாலதானே பிந்தினது?” என்று கேட்டார்.

அவர் மணியின் நாக்கைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தார்.

“ஏன் வந்தனீங்கள் எண்டு கேளாத பிள்ளை. அவ என்னோட எல்லா இடமும் நடந்துதான் வந்திருக்கிறா. வீட்டுக்குள்ளயும் நடைதான். ஓடுவா எண்டு ஒரு வெள்ளைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருக்காப் பாத்திடுவம் எண்டுதான் வந்தனான்.”

கூடாரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நீ பாத்தனிதானே. எப்பிடி ஓடுவா?”

ஞாயிறு ஞாயிறாக நான் பார்த்த ஓட்டம். அவர் வீட்டுப் பொருளொன்றை அவருக்குத் தெரியாமல் நான் வைத்திருந்ததுபோல் உடம்பு கூசியது. காலை எப்படி வைப்பார், கையை எப்படி வீசுவார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“வடிவா ஓடுவா அண்ணை,” என்றேன்.

“ஓம்,” என்றார் அவர். “அப்பிடித்தான் இருக்கும் எண்டு நானும் நினைச்சனான்.”